வானம்பாடிகள் மேலேறும் இடம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதக் கட்டுரையில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'கடைசி நான்கு பாடல்கள்' பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் மகன் கைப்பேசியில் தேடி எடுத்துக் கொடுத்தான். ஜெஸ்ஸி நார்மன் பாடியது. மேற்கத்திய இசையில் எனக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாது. முதல் மூன்று பாடல்களும் அழகாக இருந்தன, அவ்வளவுதான். நான்காவதில் உடைந்துவிட்டேன்.

என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. அன்று வீடு நிறைய ஆட்கள். யாருக்குத் தகவல் போயிற்று, யாருக்குக் காபி கொடுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அழவில்லை. பிறகும் அழவில்லை. அதற்கு உறவில் சிலர் பேசியதும் உண்டு. இந்தப் பாட்டில்தான் அழுதேன். இப்போது தினமும் இரவில் கேட்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் குரல் நின்றவுடன் அணைத்துவிடுகிறேன். அதற்குமேல் தாங்க முடியவில்லை.

மகனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, ஆனால் ரொம்ப மெதுவாகப் போகிறது" என்றான். எனக்குக் கோபம் வந்தது. பிறகு சந்தேகம் வந்தது. நான் அழுதது பாட்டுக்காகவா, என் கதைக்காகவா? மொழி தெரியாத பாட்டின்மீது என் துக்கத்தை நானே ஏற்றி வைக்கிறேனா? அப்படியானால் அது பாட்டைக் கேட்பதாகுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, திருநெல்வேலி

*

அன்புள்ள அம்மா,

குரல் நின்றவுடன் அணைத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் வெகுநேரம் நின்றேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்காம் பாடலின் சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஏற்றி வைத்ததாகப் பயப்படுவது அதில் ஏற்கெனவே இருக்கிறது. எழுதியவர் ஐஷன்டோர்ஃப், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் கவிஞர். தலைப்பை 'அந்திச் சிவப்பில்' எனலாம். இன்பத்திலும் துன்பத்திலும் கைகோத்து நடந்து வந்தோம், இப்போது இந்த அமைதியான நிலத்துக்கு மேலே நின்று இளைப்பாறுகிறோம் என்று தொடங்குகிறது. சுற்றிலும் பள்ளத்தாக்குகள் சரிந்து இறங்குகின்றன. வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு வானம்பாடிகள் மட்டும் கனவில் மிதப்பதுபோல் மூட்டத்துக்குள் மேலேறுகின்றன. இங்கே வா, அவை பறக்கட்டும், தூங்கும் நேரம் வந்துவிட்டது, இந்தத் தனிமையில் நாம் வழிதவறிவிடக் கூடாது என்கிறது மூன்றாம் பத்தி. கடைசியில், நடந்து நடந்து எவ்வளவு களைத்துவிட்டோம், இதுதான் மரணமோ என்ற கேள்வி. அவ்வளவுதான் கவிதை.

இதைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தபோது எனக்கு ஒரு சிக்கல் வந்தது. ஜெர்மனில் 'வீர்' என்ற ஒரே சொல். நமக்கு 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. 'நாங்கள்' என்று போட்டால் வயதான இருவர் மூன்றாம் ஆளிடம் சொல்லும் கதையாகிவிடும். ஆனால் 'இங்கே வா' என்று ஒருமையில், உரிமையோடு ஓர் அழைப்பு நடுவில் வருகிறது. ஆகவே 'நாம்'தான். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற பேச்சு இது. அவர் வாய் திறப்பதில்லை. பாட்டு முழுக்க ஒரே குரல். ஆனாலும் பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்பதில் பாடுகிறவருக்கு ஒரு கணமும் சந்தேகம் இல்லை.

நம் ஒப்பாரியில் 'நீ' போய்விட்டாய், 'நான்' நிற்கிறேன். 'நாம்' பிளந்த இடத்திலிருந்துதான் அது பிறக்கிறது. இந்தப் பாட்டில் அந்தப் பிளவு இன்னும் நேரவில்லை. யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை, யாரும் முறையிடவில்லை. ஊரும் உறவும் உங்களிடம் ஒப்பாரியை எதிர்பார்த்தன. உங்களுக்கு அது வரவில்லை. பிளவுபடாத ஒரு 'நாம்' இருந்ததை யாராவது திரும்பச் சொல்லியிருந்தால் ஒருவேளை அன்றே அழுதிருப்பீர்கள். நார்மன் அதைச் சொன்னார்.

மொழி தெரியாமல் இது எப்படி எட்டியது? சொற்கள் வருவதற்கு முன்பே இசைக்குழு அதைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. பாடல் தொடங்கி ஒரு நிமிடத்துக்கும் மேல் குரலே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? முழு இசைக்குழுவும் ஒரே மூச்சில் எழும்பி, அகலமாகப் பரவி, மெல்ல இறங்குகிறது. அழுகையின் சாயலே இல்லாத மேஜர் சுருதி. குரல் அதற்குள் வந்து சேர்ந்துகொள்கிறது, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒருவரின் தோளோடு வந்து சேர்வதைப் போல. வானம்பாடிகள் வரும்போது புல்லாங்குழல்களில் இரண்டு சுரங்கள் விரைந்து மாறி மாறி அதிர்கின்றன. ஜெர்மன் தெரியாத காதுக்கும் அது பறவைதான்.

ஆகவே என் பதில்: நீங்கள் அழுதது பாட்டுக்காகத்தான். உங்கள் கதை காதை அடைத்திருந்தால் முதல் பாடலிலேயே அழத் தொடங்கியிருப்பீர்கள். அதிலும் இசை பொங்குகிறது, அதே குரல்தான் பாடுகிறது. உங்களுக்கு அவை வெறும் அழகாக இருந்தன. எந்தப் பாடலில் இருவர் இருக்கிறார்களோ அங்கே மட்டும் உடைந்தீர்கள். இதைவிடக் கூர்மையாக ஒருவர் கேட்க முடியாது.

மகன்மீது கோபம் வேண்டாம். நான் இதை முதலில் கேட்டபோது எனக்கு 29 வயது. அளவுக்கு மீறிய இனிப்பு என்று நினைத்தேன். பிறகு பல வருடங்கள் தொடவில்லை. என் அப்பா ஒரு நீண்ட நோயிலிருந்து எழுந்து வந்த சமயம், மாலையில் மொட்டை மாடியில் அவரும் அம்மாவும் நடப்பார்கள். அவர் இரண்டடி வைத்து நிற்பார், அம்மாவும் நிற்பார். பிறகு மீண்டும் இரண்டடி. பேச்சு இருக்காது. அந்த வாரம் தற்செயலாக வானொலியில் இந்தப் பாட்டு வந்தது. மரணம் எதுவும் என் மனத்தில் இல்லை. அந்த நடைதான் எனக்குக் கேட்டது. இன்றுவரை நான் இதை அந்த நடையாகத்தான் கேட்கிறேன்.

இன்னொருவரும் உங்கள் மகன் பக்கம் இருக்கிறார். முதல் மூன்று பாடல்களின் கவிதைகள் ஹெர்மன் ஹெஸ்ஸே எழுதியவை. தன் சொற்களுக்கு அமைந்த இந்த இசை அவருக்கே ஒட்டவில்லை. திறமையும் நுட்பமும் கைவினை அழகும் நிறைய இருக்கின்றன, ஆனால் உள்ளே மையம் இல்லை என்ற பொருளில் ஒரு கடிதத்தில் எழுதினார். நான் அவரோடு உடன்படவில்லை. மூன்றாம் பாடலில், ஆன்மா காவல் நீங்கிச் சிறகு விரிக்க விரும்புகிறது என்ற இடத்துக்கு முன்னால் குரல் ஒதுங்கி நிற்க, தனி வயலின் எழுகிறதே, அங்கே எனக்கு மையம் கேட்கிறது. ஆனால் ஹெஸ்ஸேக்குக் கேட்கவில்லை என்பதால் அவர் காது குறைந்ததாகாது.

'மெதுவாக' என்று மகன் சொன்னதும் சரியான கவனிப்புதான். ஸ்ட்ராஸ் இந்தப் பாடலுக்கு இட்ட குறிப்பு 'அந்தாந்தே'. இத்தாலிய மொழியில் அது நடக்கிற வேகம். நார்மன் 1982இல் லைப்ஸிக்கில் கர்ட் மசூர் நடத்திய கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவோடு பாடியபோது இந்த ஒரு பாடலுக்கு ஏறக்குறைய 10 நிமிடம் எடுத்துக்கொண்டார். 1953இல் லிசா டெல்லா காசா, வியன்னாவில் கார்ல் பூம் நடத்த, ஏறக்குறைய 6 நிமிடத்தில் முடித்திருக்கிறார். நார்மனிடம் இருவரும் நடந்து முடித்து நின்றுவிட்டார்கள். சூரியன் மட்டும் இறங்குகிறது. டெல்லா காசாவிடம் இன்னும் நடக்கிறார்கள். நார்மனின் குரலை நான் வணங்குகிறேன். ஆனாலும் ஒரே ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நடக்கிற பதிவைத்தான் எடுப்பேன். மகனோடு சேர்ந்து அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எல்லோருக்கும் இந்தப் பாடல்கள் ஆறுதல் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ராஸ் 1933 முதல் 1935 வரை நாஜி அரசின் இசைத்துறைத் தலைவராக இருந்தவர். யூத எழுத்தாளரான ஸ்டெஃபான் ஸ்வைக்குக்கு அவர் எழுதிய கடிதம் அரசின் கையில் சிக்கியதால் பதவி போயிற்று. மருமகள் யூதப் பெண். அவரையும் பேரன்களையும் காப்பாற்றும் தவிப்பும் அவரது அந்த ஆண்டுகளில் உண்டு. இருந்தும், போரின் அத்தனை மரணங்களுக்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, 1948இல், இவ்வளவு அமைதி எப்படிச் சாத்தியம் என்று இந்தப் பாடல்களைக் கேட்க மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மறுப்பும் இசைக்கு ஒரு மனம் தருகிற பதில்தான். அதை நான் மதிக்கிறேன். ஆனால் கேட்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

நமக்குப் பக்கத்து ஊர்ச் செய்தி ஒன்று. முதல் அரங்கேற்றம் 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது. கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் பாடினார், ஃபுர்ட்வாங்லர் நடத்தினார். அந்த நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். 'ஸ்ரீவித்யா' முத்திரையில் கர்நாடகக் கிருதிகள் இயற்றியவர், பின்னாளில் நம் சென்னை மாநிலத்தின் ஆளுநர். லண்டனுக்கு அவரால் போக முடியவில்லை. நிகழ்ச்சியைப் பதிவு செய்து மைசூருக்கு அனுப்பச் சொன்னார். ஏறக்குறைய 20,000 இசைத்தட்டுகள் கொண்ட அவரது சேகரிப்பில் அது போய்ச் சேர்ந்தது. கீறலும் இரைச்சலுமாக, ஃப்ளாக்ஸ்டாட்டின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருகிற அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. மைசூர் அரண்மனையில் ஓர் இரவு அது சுழன்றபோது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

அந்த அரங்கில் இருந்திருக்க வேண்டிய ஒருவர் இல்லை. ஸ்ட்ராஸின் மனைவி பாவுலினெயும் ஒரு சொப்ரானோ, அதாவது உச்சஸ்தாயியில் பாடும் பெண் குரல், பாடகி. 1894இல் திருமணம், ஏறக்குறைய 55 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். வாழ்நாள் முழுக்க ஸ்ட்ராஸ் சொப்ரானோ குரலுக்கு எழுதியதில் பாவுலினெயின் குரல் இருக்கிறது. 1949 செப்டம்பர் 8இல் ஸ்ட்ராஸ் இறந்தார். எட்டு மாதம் கழித்து, அரங்கேற்றத்துக்கு ஒன்பது நாள் முன்பு, மே 13 அன்று பாவுலினெயும் இறந்தார். 'நாம்' என்று பாடப்பட்ட அந்தப் பாட்டை இருவருமே இசைக்குழுவோடு கேட்கவில்லை.

இனி அந்த வரிக்கு வருகிறேன். நீங்கள் இன்னும் பாட்டை முழுக்கக் கேட்கவில்லை அம்மா.

இதுதான் மரணமோ என்று கேட்டுவிட்டுக் குரல் நிற்கிறது. நீங்கள் அங்கே அணைக்கிறீர்கள். கவிதை அங்கே முடிவது உண்மைதான். ஸ்ட்ராஸ் அங்கே முடிக்கவில்லை. உடனே ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி ஒரு மெட்டை எடுக்கிறது. அது அவருடைய அப்பா மியூனிக் அரசவை இசைக்குழுவில் வாசித்த வாத்தியம். அந்த மெட்டு அவரே 25 வயதில், 1889இல் எழுதி முடித்த 'மரணமும் உருமாற்றமும்' என்ற படைப்பிலிருந்து வருகிறது. மரணத்துக்கு அப்பால் உயிர் ஒளி பெறுவதைக் குறிக்க அன்று அவர் அமைத்தது. இளைஞனாகக் கற்பனை செய்து எழுதிய வரியை ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்து, நிஜமான மாலையில் நின்று, மிகத் தாழ்ந்த குரலில் திரும்பச் சொல்கிறார்.

இன்னொன்று. இந்த நான்காம் பாடலைத்தான் அவர் முதலில் எழுதினார். 1948 மே 6, சுவிட்சர்லாந்தில் மோன்த்ரோ. இதை எழுதிவிட்டுப் பேனாவை வைக்கவில்லை. ஜூலையில் அடுத்து எழுதியது 'வசந்தம்'. ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. நவம்பரில் 'மால்வென்' என்று பூக்களைப் பற்றி இன்னும் ஒரு சிறு பாட்டு. 'கடைசி நான்கு' என்ற தலைப்பும் இப்போதுள்ள வரிசையும் பதிப்பாளர் எர்ன்ஸ்ட் ரோத் பிறகு வைத்தவை.

இன்று இரவு குரல் நின்றபின் கையைக் கைப்பேசிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நிமிடத்துக்கும் மேல் இசை இருக்கிறது. ஹார்ன் அடங்கிய பின் தாழ்ந்த வாத்தியங்கள் நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்கும். முடிந்துவிட்டது என்று தோன்றும். அப்போது எல்லாவற்றுக்கும் மேலே, மிக மெல்லிதாக, அந்த இரண்டு வானம்பாடிகளும் திரும்ப வரும்.