கோட்டோரம்: கேள்வி பதில்

(இங்கிலாந்தில் மகளிர் கால்பந்து வட்டார லீக் ஆட்டங்களில் பதினோரு ஆண்டுகளாகக் கொடி பிடித்து நிற்கும் வாசகி பதிலளிக்கிறார்.)

கேள்வி: என் மகள் லண்டன், தென்கிழக்கு வட்டார மகளிர் லீக்கின் முதல் டிவிஷனில் ஆடுகிறாள். ‘முதல் டிவிஷன்’ என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அது ஆறாவது அடுக்கு என்று அவள் சிரிக்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு தந்தை, கிராய்டன்

பதில்: மகள் சொல்வதுதான் சரி ஐயா. மேலிருந்து எண்ணுங்கள். உச்சியில் சூப்பர் லீக், அடுத்து சூப்பர் லீக் 2. மூன்றாவது அடுக்கில் நேஷனல் லீக்கின் வடக்கு, தெற்கு பிரீமியர் டிவிஷன்கள். நான்காவதில் அதே நேஷனல் லீக்கின் நான்கு ‘முதல் டிவிஷன்’கள். அதற்கும் கீழேதான் நாடு முழுக்க 8 வட்டார லீக்குகள். அவற்றில் பிரீமியர் ஐந்தாவது, முதல் டிவிஷன் ஆறாவது. ஆக, நான்காவதும் ‘முதல்’, ஆறாவதும் ‘முதல்’. பெயர் வைத்தவரை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்களிடம் சொன்னதைத் திருத்த வேண்டாம். நீங்கள் பொய் சொல்லவில்லையே.

கேள்வி: எதிரணியின் கொடிக்காரர் எங்கள் பெண்கள் ஓடினாலே ஆஃப்சைடு (தற்காப்பு வரிசையைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்குவது) என்று கொடியை உயர்த்துகிறார். இது மோசடி இல்லையா?
– ஒரு தாய், ஹாரோ

பதில்: சில நேரம் மோசடிதான். பல நேரம் அறியாமை. எங்கள் மட்டத்தில் பெரும்பாலும் ஒரே நடுவர்தான் வருவார். கோட்டோரத்துக்கு ஆளுக்கொருவரை இரு அணிகளும் கொடுக்க வேண்டும். யாரோ ஒருத்தியின் அப்பாவோ, காயம்பட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரியோ கொடியை வாங்கிக்கொள்வார்கள். நடுவர் அந்தக் கொடியை மதிக்கலாம், மறுக்கலாம். கடைசி முடிவு அவருடையது.

என் கதையைக் கேளுங்கள். மூன்றாவது பருவம் என்று நினைவு. எங்கள் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. எதிரணியின் பின்களத்திலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். திரும்பினால் அவர்களுடைய வலப்பக்க ஆட்டக்காரி எங்கள் கடைசிப் பெண்ணைத் தாண்டி இரண்டு கஜம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். கொடியை உயர்த்தினேன். நடுவர் ஊதிவிட்டார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. தான் ஓடத் தொடங்கிய இடத்தை மட்டும் கையால் காட்டினாள். அவள் காட்டியது சரி. பந்து உதைக்கப்பட்ட நொடியில் எங்கே நின்றாள் என்பதுதான் கணக்கு, பந்து வந்து சேர்ந்தபோது எங்கே என்பதல்ல. ஆட்டத்தை நாங்கள் வென்றோம். அன்று வீட்டுக்கு வரும் வழியில் நான் யாரோடும் பேசவில்லை.

அதன் பிறகு பந்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். கோல்கீப்பரையும் சேர்த்து, கோல் கோட்டிலிருந்து எண்ணி இரண்டாவதாக நிற்கும் தற்காப்புக்காரிக்கு நேராக நிற்பேன். உதைக்கும் சத்தம் காதில் விழும்போது கண் அந்த வரிசையில் இருக்கும். உங்கள் எதிரணிக்காரர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பந்தோடு சேர்ந்து அவரும் ஓடினால் அது அறியாமை. சரியான இடத்தில் நின்றுகொண்டே கொடி உயர்த்தினால், இடைவேளையில் உங்கள் அணித் தலைவி நடுவரிடம் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லட்டும். நீங்கள் சொல்லாதீர்கள் அம்மா.

கேள்வி: நடுவர் என் மகளுக்கு மஞ்சள் அட்டை காட்டி, பத்து நிமிடம் வெளியே அனுப்பினார். தொலைக்காட்சியில் இப்படிப் பார்த்ததே இல்லையே?
– ஒரு தாய், லெஸ்டர்

பதில்: பார்த்திருக்க மாட்டீர்கள். 2019–20 பருவத்திலிருந்து மகளிர் ஆட்டத்தில் மூன்றாவது அடுக்கிலும் அதற்குக் கீழேயும் இது நடைமுறை. நடுவரிடம் வாயாடினால் பத்து நிமிடம் வெளியே. அதுவரை அணி ஒருவர் குறைவாக ஆட வேண்டும். முரட்டுத்தனமாகக் காலை இடறுவதற்கு இது இல்லை, வாய்க்கு மட்டுமே. ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் கோட்டோரத்தில் நின்று கத்தியதைத்தானே அவள் உள்ளே திருப்பிச் சொன்னாள்?

கேள்வி: மழை பெய்தால் ஆட்டம் உண்டா?
– ஒரு வாசகர், ரெடிங்

பதில்: மழைக்கு நிற்காது. தண்ணீர் தேங்கினால் நிற்கும். ஜனவரியில் தள்ளிப்போனதெல்லாம் ஏப்ரலில் வந்து குவியும். ஏப்ரலில் கல்யாணம் வைக்காதீர்கள்.

கேள்வி: பெண்கள் கால்பந்து நேற்று வந்த மோகம் என்கிறார் பக்கத்து வீட்டு ஆங்கிலேயத் தாத்தா. என்ன சொல்வது?
– ஒரு மாணவி, பிரிஸ்டல்

பதில்: 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் என்ற பெண்கள் அணி ஆடியபோது பார்க்க வந்தவர்கள் சுமார் 53,000 பேர் என்று சொல். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று, தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்று கால்பந்துச் சங்கம் தடை போட்டது. அது நீங்க ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின. தாத்தாவுக்கு எண்பது வயதென்றால் அவருடைய சிறுபிராயம் முழுக்க அந்தத் தடைதான். அவர் எங்கே பார்த்திருப்பார்? ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஆட்டத்துக்கு அழைத்துப் போ மகளே. மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவரச் சொல். எங்கள் மைதானங்களில் உட்கார இடம் கிடையாது.