அடிக்கட்டை எரிய மறுப்பது ஏன்?

கேள்வி: இரண்டடி விட்டமுள்ள வேப்பமரத்தை ஆறு மாதத்துக்கு முன் வெட்டினோம். அடிக்கட்டை மேல் விறகு அடுக்கி இரண்டு முறை தீ வைத்தும் மேற்பக்கம் கருகியதோடு சரி. பக்கவாட்டில் துளிர் வேறு விடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், தாராபுரம்

பதில்: துளிர் விடுகிறது என்றால் கட்டைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. வேர் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருப்பதால், நீங்கள் மூட்டும் தீ அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. எத்தனை வண்டி விறகு போட்டாலும் இதே கதைதான். கட்டை உள்வரை காய வேண்டும், அடிவரை காற்று போக வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் தீப்பெட்டியைத் தொடாதீர்கள்.

முதலில் துளிர்களைக் கிள்ளி, பட்டையை உரித்துவிடுங்கள். சுற்றிலும் ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, பக்க வேர்களை வெட்டுங்கள். வெட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வேரிலும் ஒரு சாண் நீளத்தைத் துண்டாக எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கங்கு வேருக்குள் புகுந்து, மண்ணுக்கடியில் புகைந்துகொண்டே போய், சில நாள் கழித்து வேலியோரமோ வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ தலைகாட்டும். இந்த வேலையில் பெரிய ஆபத்து இதுதான்.

பிறகு ஓரங்குல டிரில் பிட்டால் மேலிருந்து பத்து அங்குல ஆழத்துக்கு, நாலு விரற்கடை இடைவெளியில் துளை போடுங்கள். பள்ளத்துக்குள் இருந்து பக்கவாட்டிலும் துளைத்து, மேல்துளைகளின் அடியோடு சேர்த்துவிடுங்கள். அடுப்புக்கு வாய் எப்படியோ அப்படித்தான் இந்தப் பக்கத்துளை. இது இல்லாவிட்டால் சாம்பல் மூடியதும் கங்கு அணைந்துவிடும். மழை படாமல் மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்தே விட்டு, அடுத்த கோடை வரை காயவிடுங்கள். உரக்கடையில் கிடைக்கும் 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்) உரத்தைத் துளைகளில் முக்கால் பங்கு நிரப்பி, வெந்நீர் ஊற்றி ஊறவிட்டுக் காயவைத்தால் கங்கு நன்றாகப் பிடிக்கும். காய்ந்த கட்டைக்கு அது கட்டாயம் இல்லை.

பங்குனி, சித்திரையில் காற்றில்லாத காலை நேரமாகப் பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் திறந்த தகர டிரம்மைச் செங்கல் வைத்துச் சற்றுத் தூக்கி, கட்டைமேல் நிறுத்துங்கள். அடியில் கொட்டாங்குச்சி, அதன்மேல் எட்டு முதல் பத்து கிலோ அடுப்புக்கரி, சுற்றிலும் வறட்டி. வறட்டி கொழுந்துவிட்டு எரியாமல் நின்று கனலும்; நமக்கு வேண்டியது அதுதான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சாம்பலைக் கடப்பாரையால் தள்ளிவிடுங்கள். முழுக்க எரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். இரவிலும் ஆள் இருக்க வேண்டும், கையெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய் இருக்க வேண்டும். முடிந்ததும் மண்ணைக் கிளறித் தண்ணீர் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாளும் பாருங்கள்.

பதினைந்து அடிக்குள் வீட்டுச் சுவர், செப்டிக் டேங்க், புதைத்த மின்கம்பி, பிளாஸ்டிக் குழாய் இருந்தாலோ, தலைக்கு மேல் மின்கம்பி போனாலோ எரிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பெட்ரோல் ஊற்றினால் சீக்கிரம் எரியுமாமே? பழைய டயரும் போடச் சொல்கிறார்கள்.
– வாசகி, நாமக்கல்

பதில்: இரண்டுமே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, தீக்குச்சி உரசுகிறவர் காலடிக்கே வந்துவிடும். மண்ணெண்ணெயும் டீசலும் மேலாக எரிந்து தீரும், மிச்சம் மண்ணில் இறங்கி அதைக் கெடுக்கும். டயர் புகை நஞ்சு. அரளிக் கட்டையையும் எரிக்காதீர்கள். அதன் புகையும் நஞ்சுதான்.

கேள்வி: தென்னங்கட்டைக்கும் இதே முறைதானா?
– வாசகர், பேராவூரணி

பதில்: இல்லை. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. விரல் பருமனுக்கும் குறைவான சல்லி வேர்கள்தான். அடிப்பகுதி பஞ்சுபோல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், லேசில் எரியாது. சுற்றித் தோண்டி, கோடாலியால் வேரை வெட்டிச் சாய்ப்பதே சுலபம். மட்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மட்கும் தென்னங்கட்டை காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். உளுத்த பகுதியைக் கிளறினால், பழுப்புத் தலையோடு சுருண்டு கிடக்கும் தடித்த வெள்ளைப் புழுக்களைப் பார்க்கலாம். அவை வண்டாகி மற்ற மரங்களின் குருத்தைத் துளைக்கும். அந்தக் காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டும் வரும்.

கேள்வி: நகரத்துக்குள் எரிக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். திறந்தவெளியில் கழிவுகளை எரிக்க தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை விதித்தது. அபராதம் 5,000 ரூபாய். மொத்தமாக எரித்தால் 25,000. அது போக, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அந்தப் புகையை இரண்டு மூன்று நாள் சுவாசிக்க வேண்டும். பொக்லைன் நுழைய இடமிருந்தால் ஒரு மணி நேர வேலை. இல்லாவிட்டால் ஆள் வைத்துத் தோண்டி எடுங்கள்.