மிக்ஸி ஜாரும் ரூம் வாடகையும்

வணக்கம் சார்,

வாட்ஸப் குழுக்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்சம் கோபம் வந்தது. அரட்டை நேரத்தை அரிக்கும் கறையான் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒன்பது பெண்கள் இருக்கும் ஒரு குழுவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். கொரோனா சமயத்தில் ஆன்லைன் தையல் வகுப்பில் பழக்கமானவர்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. பேரைவிட ஊர்தான் வாயில் வரும். சேலம், ஷார்ஜா, பொள்ளாச்சி, நான் தஞ்சாவூர்.

அன்றைக்கு மிக்ஸி ஜார் அடியில் கசிகிறது, புதுசு வாங்கலாமா என்று நான் கேட்டேன். அரை நாள் அதே பேச்சு. நடுவில் பொள்ளாச்சி, வேலைக்கு வரும் அம்மா மூன்று நாளாக வரவில்லை, பாத்திரம் மலையாகக் கிடக்கிறது என்று புலம்பினாள். "ஏன் வரலைன்னு கேட்டியா?" என்றாள் ஷார்ஜா. கேட்டால், அந்த அம்மாவின் வீட்டுக்காரரை நெஞ்சுவலி என்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அங்கிருந்து பேச்சு இன்சூரன்ஸுக்குப் போய்விட்டது.

எனக்கு 49 வயது. நான்கு வருடமாகச் சுகர், மாத்திரையில் இருக்கிறேன். கணவர் அடுத்த ஏப்ரலில் ரிட்டயர் ஆகிறார். அதோடு கம்பெனி இன்சூரன்ஸ் முடியும். புதிதாக எடுக்கலாம் என்றால், சுகர் இருப்பதை எழுத வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். "ரெண்டு வருஷம் போனா யாரும் கேட்க மாட்டாங்க" என்று சேலமும் சொல்கிறாள். சரியா? என் கணவரும் உங்களைப் போலத்தான், வெட்டி அரட்டை என்கிறார். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

கோபம் நியாயம்தான். அதை எழுதும்போது என் மனதில் இருந்தவர்கள், விடியற்காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூ படம் அனுப்பி எழுப்புகிறவர்கள். மிக்ஸி ஜாரைப் பற்றிப் பேசுகிறவர்களையும் அவர்களோடு சேர்த்துக் கட்டியிருக்கக் கூடாது. எழுதியவனே பேசாமல் இருந்து சூடு பட்டவன் என்பதால் இன்னும் கூடாது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். பழைய சிநேகிதர்கள் ஆறு பேர் இருக்கும் குழுவில் தினமும் எழுதுகிறவன், இதை மட்டும் எழுதவில்லை. கேட்கிறவர்கள் சிரிக்கிற இடத்தில் வந்த நோய். ஊருக்குப் போகிறேன், சிக்னல் இருக்காது என்று போட்டுவிட்டேன்.

என் பாலிசி 3 லட்சம் ரூபாய்க்கு. அதில் அறை வாடகைக்கு ஒரு சதவீத வரம்பு, அதாவது நாளைக்கு 3,000. ஆஸ்பத்திரி கவுன்டரில், "சார், 5,000 ரூபாய் ரூம்தான் காலியா இருக்கு" என்றார்கள். இரண்டு நாள்தானே, வித்தியாசம் 4,000 ரூபாய், கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று என் மகன் கையெழுத்துப் போட்டான். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

டிஸ்சார்ஜ் அன்று பில் 1,30,000. இதில் அறை 10,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாமாக 90,000. மருந்தும், வயிற்றில் வைத்துத் தைக்கும் வலையும் 30,000. இன்சூரன்ஸ்காரர்கள் அறைக்கு 6,000 கொடுத்தார்கள். அது தெரிந்ததுதான். ஆனால் அந்த 90,000-க்கும் 54,000தான் வந்தது. 5,000 ரூபாய் அறைக்கு 3,000தான் உரிமை என்றால் 60 சதவீதம். அறையை ஒட்டிய மற்றக் கட்டணங்களுக்கும் அதே 60 சதவீதம்தான். டாக்டர் கட்டணமும் அறையின் தரத்தைப் பொறுத்து ஏறும் என்பது அவர்கள் வைக்கும் நியாயம். மருந்துக்கும் வலைக்கும் இந்த வெட்டு இல்லை. ஆக, 4,000 என்று நினைத்தது 40,000 ஆனது. கையுறை, பஞ்சு என்று தராதது தனி.

இரண்டு மாதம் கழித்துக் குழுவில் வேறு ஏதோ பேச்சில், வேட்டி துவைக்க எந்த சோப்பு என்பதாக இருக்கலாம், இதை உளறிவிட்டேன். உடனே மதுரைக்காரர் எழுதினார். "அட, எங்க அம்மா கேஸ்ல இப்படித்தான் ஆச்சு. பொது வார்டு போதும்னு அடிச்சுச் சொல்லியிருக்கணும். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" தெரிந்தவர் எனக்கு எதிரேயே ஒரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கணவருக்கு என் பதில் இதுதான். ஜார் கசிவதைச் சொல்லிப் பழகிய இடத்தில்தான் சுகரையும் சொல்ல வாய் வருகிறது. டாக்டரிடம் கேட்கக் கூச்சம், ஏஜென்டிடம் கேட்டால் விற்பனை, சொந்தக்காரர்களிடம் சொன்னால் கல்யாண வீடு வரைக்கும் போகும். முகம் பார்க்காத சிநேகிதியிடம் எதையும் கேட்கலாம். தவிர, மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அதுவும் அந்த வேலையைச் செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால். குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால் அது வெட்டி. டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசினால் அது நாட்டு நடப்பு!

ஆனால் சேலத்து அக்கா சொன்னது தப்பு. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற சில சிகிச்சைகளுக்குப் பல பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு, அதாவது பாலிசி எடுத்து அவ்வளவு காலம் ஆனபிறகுதான் அவற்றுக்குப் பணம் கிடைக்கும். எங்கேயோ அதைக் கேள்விப்பட்டு இதோடு முடிச்சுப் போட்டிருக்கலாம். அது வேறு, ஏற்கெனவே இருக்கும் நோயை மறைப்பது வேறு.

மறைத்தால் எப்படி மாட்டுவோம் என்று நினைக்கிறீர்கள்? யாரும் துப்பறிய வர மாட்டார்கள். நீங்களேதான் சொல்வீர்கள். மூன்றாம் வருடம் ஏதோ ஒன்றுக்காக அட்மிட் ஆகிறீர்கள். ட்யூட்டி டாக்டர் "சுகர் இருக்காம்மா? எத்தனை வருஷமா?" என்பார். உயிர் பயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. கேஸ் ஷீட்டின் முதல் வரியில் 'கே/சி/ஓ டி.எம்., 7 வருடம்' என்று எழுதிவிடுவார். தெரிந்த நீரிழிவு நோயாளி என்று பொருள். பாலிசிக்கு வயது மூன்று, சுகருக்கு வயது ஏழு. கிளெய்ம் போகும், பாலிசியும் போகலாம். கட்டிய பிரீமியத்தை நினைத்து அழ வேண்டியதுதான். ஐந்து வருடம் விடாமல் கட்டியபிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தார் என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. 2024-க்கு முன்பு அது எட்டு வருடம். ஐந்து வருடம் உடம்புக்கு ஒன்றும் வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

எழுதிவிட்டால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் ஏறும். சுகரோடு தொடர்புள்ள சிகிச்சைக்குக் காத்திருக்கச் சொல்வார்கள். அதிகபட்சம் மூன்று வருடம். முன்பு நான்கு இருந்தது, 2024 ஏப்ரலில் குறைத்தார்கள். விபத்து, டெங்கு என்றால் அந்த மூன்று வருடத்துக்குள்ளும் கிடைக்கும். தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதமும் இல்லை. ஏஜென்ட் பழைய கணக்குச் சொன்னால் விழித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக எடுப்பதற்கு முன்னால் இன்னொன்று. கம்பெனியின் குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. அதில் உங்கள் பெயரும் இருந்தால், இருந்த வருடங்கள் காத்திருப்புக் கணக்கில் கழியும். உங்களுக்குச் சுகருக்கான காத்திருப்பே மிஞ்சாமல் போகலாம். ஆனால் பழைய பாலிசி உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும். ஏப்ரலில் ரிட்டயர்மென்ட் என்றால் பிப்ரவரியில் ஹெச்.ஆரில் போய் நிற்கச் சொல்லுங்கள். மாலையும் கேடயமும் வாங்கிய மறுநாள் போனால் கதவு சாத்தியிருக்கும். டீக்கடையில் இதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

எப்படி எடுத்தாலும், பாலிசியோடு வரும் விண்ணப்ப நகலைப் படியுங்கள். ஏஜென்ட் நிரப்பியிருப்பார், கீழே உங்கள் கையெழுத்து இருக்கும். சுகர் கேள்விக்கு நேராக 'இல்லை' என்று டிக் இருந்தால் உடனே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பவும் செய்யலாம். ரூம் வாடகை வரம்பு உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். வரம்பே இல்லாத பாலிசிகள் இருக்கின்றன. எனக்கு அது 40,000 ரூபாய் கொடுத்துப் படித்த பாடம், உங்களுக்கு இலவசம்.

பொள்ளாச்சி வீட்டு அம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அந்த அம்மா தனியாக அலைவதைவிட பொள்ளாச்சியே ஒரு நாள் கூடப் போனால் நல்லது. பாத்திரம் கிடக்கட்டும்.

ஜாரை மறந்துவிட்டேன். புதுசு வாங்காதீர்கள். கசிவது பெரும்பாலும் அடியில் பிளேடு சுற்றும் இடத்தில் புஷ்ஷும் வாஷரும் தேய்ந்ததால்தான். மிக்ஸி ரிப்பேர் கடையில் கொடுத்தால் நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மாற்றிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள், சட்னி அப்புறம்.