ஏர் ஃபிரையரில் ஃப்ரூட் கிரிஸ்ப் செய்தால் மேலே கருகுகிறது, உள்ளே பழம் வேகவில்லை. எப்படிச் சரி செய்வது?

கேள்வியில் சொல்லியிருப்பது இதுதான்: ஓவன் இல்லை, ஏர் ஃபிரையர் மட்டும்தான் இருக்கிறது. ஓவனுக்கு எழுதப்பட்ட ஆப்பிள் கிரிஸ்ப் (பழத்தின் மேல் ஓட்ஸ் கலவை பரப்பிச் சுடும் இனிப்பு) குறிப்பை அப்படியே பின்பற்றினால் மேலே இருக்கும் ஓட்ஸ் கருகிவிடுகிறது, கீழே ஆப்பிள் கடித்தால் நறுக்கென்று பச்சையாகவே இருக்கிறது. ஏர் ஃபிரையர் இதற்கு லாயக்கில்லையா?

தாராளமாகச் செய்யலாம். இரண்டு மூன்று பேருக்கு மட்டும் என்றால் ஓவனைவிட ஏர் ஃபிரையரையே நான் விரும்புவேன். சீக்கிரம் சூடாகிறது, மேல்பகுதி நல்ல மொறுமொறுப்பாக வருகிறது. ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். பழத்தையும் அதன்மேல் போடும் ஓட்ஸ் கலவையையும் ஒரே நேரத்தில் உள்ளே வைக்காதீர்கள். முதலில் பழத்தை மட்டும் மூடிபோட்டு வேகவிடுங்கள். சாறு விட்டுக் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஓட்ஸ் கலவையைப் பரப்பி, மூடாமல் சிவக்கவிடுங்கள். உங்கள் சிக்கல் இதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டால் எந்தப் பழத்துக்கும் நீங்களே நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான ஏர் ஃபிரையர்களில் சூடேற்றும் கம்பிச்சுருள் மேலே இருக்கிறது. அதற்கு மேல் ஒரு விசிறி. சூடான காற்று வேகமாக இறங்கி, உணவைச் சுற்றிவந்து, மறுபடி மேலே போகிறது. துளைபோட்ட கூடையில் உருளைக்கிழங்குத் துண்டுகளைப் போடும்போது அந்தக் காற்று அடிவழியாகவும் புகுந்து வரும். நாமோ கிரிஸ்ப்புக்காக அடி மூடிய ஒரு பாத்திரத்தை உள்ளே வைக்கிறோம். அப்போது காற்று நேராகத் தொடுவது மேல்பரப்பை மட்டும்தான். அடியில் உள்ள பழத்துக்குப் பாத்திரத்தின் சுவர் வழியாகத்தான் சூடு மெதுவாகப் போய்ச் சேர வேண்டும். ஆப்பிளில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். அத்தனை தண்ணீரும் சூடேற நேரம் எடுக்கும், சூடேறினாலும் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேலே இருக்கும் ஓட்ஸும் மாவும் சர்க்கரையும் காய்ந்த பொருட்கள். அவற்றைத் தடுத்து நிறுத்தத் தண்ணீர் இல்லை, சில நிமிடங்களில் 150 டிகிரியைத் தாண்டிச் சிவந்துவிடும். கீழே வேலை ஆரம்பிக்கும்போதே மேலே வேலை முடிந்துவிடுகிறது. வெப்பத்தை எவ்வளவு கூட்டிக் குறைத்தாலும் இந்த இடைவெளி முழுதாகப் போகாது. அதனால்தான் பழத்துக்கு முன்கூட்டியே நேரம் கொடுக்கச் சொல்கிறேன்.

அளவு சொல்கிறேன். 15 அல்லது 16 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்ட கேக் டின்னுக்கு, இரண்டு மூன்று பேருக்கு வரும். நடுத்தர ஆப்பிள் இரண்டு, தோலும் விதையும் நீக்கியபின் 300 கிராம் அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரை தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. மேலே போட ஓட்ஸ் 45 கிராம் (அரை கப்), மைதா அல்லது கோதுமை மாவு 30 கிராம் (கால் கப்), பிரவுன் சுகர் 35 கிராம், வெண்ணெய் 40 கிராம், இன்னொரு சிட்டிகை உப்பு. பாதாமோ வால்நட்டோ இருந்தால் ஒரு சிறு கைப்பிடி நறுக்கிச் சேருங்கள். இரண்டு இடத்திலும் உப்பு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். உப்பில்லாத கிரிஸ்ப்பில் இனிப்பு மட்டும் தனியாகத் தூக்கலாகத் தெரியும்.

ஆப்பிளை எப்படி நறுக்குகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஓவன் குறிப்புகளில் தடிமனான பிறைத்துண்டுகள் போடச் சொல்வார்கள், அங்கே முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. இங்கே அவ்வளவு நேரம் இல்லை. ஒரு சென்டிமீட்டர் கனச்சதுரமாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்படி நறுக்குங்கள். எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். புளிப்பு அதிகமானால் பழத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் சீக்கிரம் இளகாது, துண்டு மென்மையாக அதிக நேரம் எடுக்கும். நறுக்கிய பழத்தில் சர்க்கரை, உப்பு, எலுமிச்சை, பட்டைத்தூள் எல்லாம் கலந்து பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை வெளியே இழுக்கும். அந்தச் சாறுதான் டின்னின் அடியில் முதலில் கொதித்து, சூட்டை எல்லாத் துண்டுக்கும் கொண்டுபோகும். கார்ன்ஃப்ளாரை அந்தச் சாறு விட்ட பிறகு தூவிக் கலக்குங்கள், கட்டி தட்டாது.

பாத்திரம் பற்றி உறுதியாக ஒன்று சொல்வேன்: உலோக டின்தான் இதற்கு நல்லது. மெல்லிய உலோகம் சட்டென்று சூடாகிப் பழத்துக்குச் சூட்டைக் கடத்தும். பீங்கான் கிண்ணம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது சூடேறவே நேரமாகும், கூடுதலாக ஐந்தாறு நிமிடம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி என்றால் ஓவனுக்கானது என்று போட்டிருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ஏர் ஃபிரையருக்குள் வைக்கக் கூடாது, விரிசல் விட்டு உடையலாம். பூச்சில்லாத வெறும் அலுமினிய டின்னில் புளிப்புப் பழங்கள் வேண்டாம், உலோக வாடை ஏறும். நான்ஸ்டிக் பூச்சு உள்ளதோ எவர்சில்வரோ இருந்தால் கவலையில்லை. டின் கூடைக்குள் இறுக்கமாகப் பொருந்தக் கூடாது. சுற்றிலும் ஒரு விரல் அகலமாவது இடைவெளி இருந்தால்தான் காற்று கீழே இறங்கித் திரும்ப முடியும். அப்புறம், பழம் டின்னின் பாதி உயரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழம் கூடக் கூட அடிப்பழம் பின்தங்கும், கொதித்து வழிந்தால் சர்க்கரை கூடையின் அடியில் கருகிப் புகையும்.

இனி மூடுவது. அலுமினிய ஃபாயிலை டின்னின் மேல் இழுத்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றிக் கீழே நன்றாக மடித்து இறுக்குங்கள். இதில் அலட்சியம் கூடாது. லேசாகப் போர்த்திய ஃபாயிலை விசிறி தூக்கி மேலே உள்ள சூட்டுச்சுருளில் ஒட்டவைத்துவிடும். பேக்கிங் பேப்பரும் அப்படித்தான். பறந்து சுருளைத் தொட்டால் தீப்பிடிக்கலாம், அதனால் மூடுவதற்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம். ஃபாயில் பழத்தைத் தொடாமல் சற்று மேலே நிற்கட்டும். ஏர் ஃபிரையரை 180 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்கிவிட்டு டின்னை வையுங்கள். மூடியிருப்பதால் இந்தக் கட்டத்தில் கருகும் பயம் இல்லை. பத்து நிமிடம் கழித்து ஃபாயிலைத் திறந்து (ஆவி முகத்தில் அடிக்கும், கைக்கு எதிர்ப்பக்கமாகத் திறவுங்கள்) ஒரு கிளறு கிளறிப் பாருங்கள். கத்தி முனை லேசான தடையோடு உள்ளே இறங்கினால் சரி. இறங்கவில்லை என்றால் மறுபடி மூடி மூன்று நான்கு நிமிடம். முழுக்கக் குழைய வேண்டாம், இன்னொரு சுற்று மீதமிருக்கிறது.

பழம் வேகும் நேரத்தில் மேல்கலவையைத் தயார் செய்யலாம். ஓவனில் செய்பவர்கள் குளிர்ந்த வெண்ணெயை மாவில் பிசறி உதிரியாகத் தூவுவார்கள். ஏர் ஃபிரையரில் அந்த உதிரி வேலைக்காகாது. விசிறிக் காற்றில் ஓட்ஸும் மாவும் பறந்து ஓரங்களில் ஒட்டிக் கருகும், நடுவில் பழம் மொட்டையாகத் தெரியும். எனவே வெண்ணெய் இளகி மென்மையாக இருக்க வேண்டும். ஓட்ஸ், மாவு, சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் அதோடு சேர்த்துப் பிசறி, உள்ளங்கையில் பிடித்து அழுத்தினால் பிடிகொழுக்கட்டை போல நிற்கும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அதைக் கிள்ளிக் கிள்ளிக் கடலைப்பருப்பு அளவிலும் சுண்டைக்காய் அளவிலுமாகக் கலந்து உதிர்த்து, பழம் வேகும்வரை ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்து இறுகிய கட்டிகள் காற்றில் பறக்காது, சட்டென்று உருகிப் பழத்துக்குள் மூழ்கிவிடவும் செய்யாது.

ஓட்ஸில் ரோல்டு ஓட்ஸ்தான் வேண்டும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மெல்லியது, பாதி தூளாகவே இருக்கும், மொறுமொறுப்பு நிற்காது. ஸ்டீல் கட் ஓட்ஸ் இந்தக் கொஞ்ச நேரத்தில் வேகாமல் பல்லில் கல்லாக மாட்டும். சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றலாமா என்று பலர் கேட்பார்கள். ஊற்றாதீர்கள். தேன் சீக்கிரம் கருகும், மேல்பகுதி மொறுமொறுப்பாக இல்லாமல் சவசவவென்று இழுக்கும். தேன் பிடிக்குமென்றால் பழத்தில் கலந்துகொள்ளுங்கள். வெண்ணெய் சாப்பிடாதவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் பொருந்தும். அது 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் ஃப்ரிட்ஜில் நன்றாக இறுகவிட்டே பயன்படுத்துங்கள். வெண்ணெயில் கொஞ்சம் தண்ணீரும் இருக்கிறது, எண்ணெயில் இல்லை. அதனால் 40 கிராமுக்குப் பதில் 32, 33 கிராம் போதும்.

ஃபாயிலை எடுத்துவிட்டு, கொதிக்கும் பழத்தின் மேல் கலவையைப் பரப்புங்கள். கரண்டியின் பின்பக்கத்தால் மெதுவாக ஒரு தட்டு தட்டினால் போதும், அமுக்கிக் கெட்டியாக்க வேண்டாம். நடுவில் ஓரிரு இடத்தில் பழம் எட்டிப்பார்க்கும்படி விடுங்கள், ஆவி வெளியேற வழி வேண்டும். வழியில்லாமல் மூடிவிட்டால் கலவையின் அடிப்பக்கம் களி மாதிரி ஆகிவிடும். இப்போது வெப்பத்தை 160 டிகிரிக்குக் குறைத்துப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். ஆறாவது நிமிடத்திலேயே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஏர் ஃபிரையரும் ஒவ்வொரு வேகத்தில் சிவக்கவைக்கும், ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சிவந்தால் டின்னைத் திருப்பி வையுங்கள். அடுக்கு வைத்த ஓவன் வகை ஏர் ஃபிரையர் என்றால் நடு அடுக்குக்குக் கீழே வையுங்கள், மேல் அடுக்கு சுருளுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும்.

எப்போது எடுப்பது என்பதற்கு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஓரங்களில் வரும் குமிழியைப் பாருங்கள். சாறு தண்ணீராக இருக்கும்போது குமிழி சின்னதாக, படபடவென்று வரும். கார்ன்ஃப்ளார் வெந்து கெட்டியானதும் குமிழி பெரிதாகி, மெதுவாக எழும்பி உடையும். கார்ன்ஃப்ளார் முழுதாகக் கெட்டியாவதற்கு 95 டிகிரியை ஒட்டிச் சூடு ஏற வேண்டும், கொதிக்காத கிரிஸ்ப்பில் அது மாவு வாடையோடு அப்படியே நிற்கும். மேலே பொன்னிறம், ஓரத்தில் சோம்பலான பெரிய குமிழிகள், இரண்டும் சேர்ந்து வரும்போது எடுங்கள். நிறம் வந்துவிட்டது, குமிழி வரவில்லை என்றால் ஃபாயிலை மறுபடி இறுக்கமாகப் போட்டு நான்கைந்து நிமிடம் வைத்தால் கருகாமல் கீழே வேலை முடியும்.

எடுத்ததும் சாப்பிட முடியாது. சர்க்கரைச் சாறு நாக்கைச் சுட்டுவிடும், குழந்தைகள் இருந்தால் கூடுதல் கவனம். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டால் சாறு இன்னும் கெட்டிப்படும், மேல்பகுதியும் அப்போதுதான் மொறுமொறுக்கும். சூடாக எடுத்த உடனே தொட்டுப்பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி உள்ளே வைப்பவர்கள் உண்டு. உருகிய சர்க்கரையும் வெண்ணெயும் ஆறினால்தான் இறுகும், பொறுத்திருங்கள். வெதுவெதுப்பான பதத்தில் மேலே ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம், அல்லது இனிப்பு வேண்டாதவர்களுக்குக் கெட்டித் தயிர். சூடும் குளிர்ச்சியும் புளிப்பும் மொறுமொறுப்பும் ஒரே வாயில் வருவது எனக்கு எந்த கேக்கிலும் கிடைக்காத இன்பம்.

ஆப்பிள் தவிர மற்றவை: பேரிக்காய் ஆப்பிளைவிடச் சீக்கிரம் வேகும், மூடிவைக்கும் நேரம் ஏழெட்டு நிமிடம் போதும். பழுத்த பீச், பிளம் இரண்டுக்கும் ஐந்தாறு நிமிடம், கார்ன்ஃப்ளார் இரண்டு தேக்கரண்டி. மாம்பழத்தில் புளிப்பு குறைவு, எனவே எலுமிச்சையை இரட்டிப்பாக்கிச் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். ஏற்கெனவே மென்மையான பழம் என்பதால் அது வேக வேண்டிய தேவையில்லை, சூடேறிக் கொதித்தால் போதும். அன்னாசி நார்ப்பழம், இன்னும் சின்னதாக நறுக்குங்கள். உறைந்த பெர்ரிகளை உருகவைக்காமல் நேராகப் போடலாம். அவை நிறையத் தண்ணீர் விடும், கார்ன்ஃப்ளார் ஒரு மேசைக்கரண்டி வரை வேண்டியிருக்கும், மூடிவைக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வாழைப்பழம் மட்டும் தனியாக எனக்குப் பிடிப்பதில்லை, குழைந்து கூழாகிவிடும். ஆப்பிளோடு கால் பங்கு கலந்தால் நன்றாக இருக்கும்.

மீந்தால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். மறுபடி சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், மேல்பகுதி நமத்துவிடும். உலோக டின்னிலேயே 150 டிகிரியில், முதலில் ஃபாயிலோடு ஐந்து நிமிடம், பிறகு திறந்து இரண்டு நிமிடம். விருந்தாளி வரும் நாளில் பழத்தைக் காலையிலேயே வேகவைத்து, ஓட்ஸ் கலவையைத் தனி டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு உட்காரும் முன் பழத்தை மூடியபடி சூடேற்றி, அது கொதித்ததும் கலவையைத் தூவி 160 டிகிரியில் வைத்தால், சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்கு இனிப்பு தயாராக இருக்கும்.