குவின்சி ஜோன்ஸ் இசையமைப்பாளரா, அரேஞ்சரா?

இரண்டும்தான். ஆனால் இந்த அமெரிக்கக் கலைஞரின் அடித்தளம் அரேஞ்ச்மென்ட், அதாவது இருக்கும் மெட்டுக்கு வாத்திய அமைப்புத் தருவது. 1933-இல் சிகாகோவில் பிறந்து டிரம்பெட் கலைஞராகத் தொடங்கியவர், 1957-இல் பாரிஸில் புகழ்பெற்ற இசை ஆசிரியை நாடியா புலாஞ்சேயிடம் பாடம் கற்றார். திரைக்கும் ஏராளமாக இசையமைத்தார்.

அரேஞ்சர் மெட்டை மாற்றுவதில்லை. தாளம், வேகம், எந்த வாத்தியம் எங்கே நுழைவது என்பதைத்தான் தீர்மானிக்கிறார். 'ஃப்ளை மீ டு த மூன்' பாடல் முதலில் மூன்று எண்ணிக்கை வால்ட்ஸ் நடையில் இருந்தது. 1964-இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவுக்காகக் குவின்சி அதை நான்கு எண்ணிக்கை ஸ்விங் என்ற ஜாஸ் நடைக்கு மாற்றினார். அதில் உடன் வாசித்த கவுன்ட் பேசி ஜாஸ் குழுவின் பித்தளை வாத்தியங்கள் பாடகரோடு மோதாமல், அவர் மூச்சுவிடும் இடைவெளிகளில் பதில் சொல்கின்றன. கேட்டுப் பாருங்கள், அற்புதம்!

1982-இல் குவின்சி தயாரித்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' இசைத்தட்டில் ஒரு சிக்கல். பக்கத்துக்கு அதிக நிமிடங்களைத் திணித்ததால் ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலிந்தது. பாடல்களைச் சுருக்கி, ஒலித்தடங்களை மீண்டும் கலந்தே (மிக்ஸ் செய்தே) வெளியிட்டார்கள்.