செயலி சொல்லும் சமையல் குறிப்பு

கேள்வி: ஏற்காட்டில் இருக்கும் என் மருமகள் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டே சமைக்கிறாள். அது சொன்னபடி ராஜ்மாவை ஊறவைத்துத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தபோது, சொன்ன நேரம் கடந்தும் வேகவில்லை. இப்போது உரித்த பச்சைப் பூண்டை நல்லெண்ணெயில் போட்டு, அடுப்படி அலமாரியில் ஒரு மாதம் வைத்திருக்கலாம் என்கிறது. நம்பலாமா?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: பூண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா. அதைச் செய்ய வேண்டாம். செய்திருந்தால் ருசிகூடப் பார்க்காமல் கொட்டிவிடச் சொல்லுங்கள். மண்ணில் விளையும் பூண்டில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். எண்ணெய்க்குள் காற்றுப் புகாததால் அவை அறை வெப்பத்திலேயே முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். நிறமும் மணமும் மாறாமலே அது இருக்கலாம். நம் வீட்டுப் பூண்டு ஊறுகாயில் தாராளமாகச் சேரும் புளியும் எலுமிச்சையும்தான் அந்த நுண்ணுயிரை வளரவிடாமல் தடுக்கின்றன. அந்தப் புளிப்பை எடுத்துவிட்ட குறிப்பு, படிக்க எளிதாக இருப்பதாலேயே என்னை அச்சப்படுத்துகிறது.

செயலி எதையும் சமைத்ததில்லை. மனிதர்கள் எழுதியவற்றிலிருந்து எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்று கணித்தே எழுதுவதால், முக்கியமான ஒரு நிபந்தனை விடுபட்டாலும் வாக்கியம் சரளமாகவே அமைந்துவிடும். 2023-இல் நியூசிலாந்துப் பல்பொருள் அங்காடி ஒன்றின் சமையல் செயலி, கையிருப்பில் உள்ளவை என்று ப்ளீச், அமோனியா ஆகியவற்றைப் பயனர் குறிப்பிட்டதும், நச்சு வாயு எழுப்பும் அந்தக் கலவையைப் பானமாகவே பரிந்துரைத்தது.

ராஜ்மா வேகாததற்கு மருமகள் காரணமல்ல. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும்; அந்தக் குறைந்த சூட்டில் வேக அதிக நேரம் பிடிப்பதால், சமவெளிக் கணக்கு அங்கே பொருந்தாது. அரைவேக்காட்டு ராஜ்மா கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் என்பதால், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்கு குழைய வேகவைக்க வேண்டும்.

ஜவ்வரிசிப் பாயசத்திற்கோ புதுவிதக் கூட்டுக்கோ யோசனை கேட்டால் கேட்கட்டும். தவறினால் ருசிதான் கெடும். நாள்பட வைத்திருக்கும் பண்டத்திற்கும் குழந்தைகளுக்கான உணவுக்கும் மட்டும், செய்து பழகியவர்களின் வாய்மொழியே வேண்டும். ராஜ்மாவுக்கு எத்தனை விசில் என்பதையும் ஏற்காட்டிலேயே பக்கத்து வீட்டில் கேட்கச் சொல்லுங்கள்.