ரெண்டரிங் சர்வர் வாங்குமுன் எடுக்க வேண்டிய இரண்டு அளவுகள்

கேள்வி: எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோவில் எட்டுப் பேர். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், அதன் சைக்கிள்ஸ் ரெண்டரரை வைத்து ரெண்டர் செய்கிறோம் (காட்சியை இறுதிப் படமாக்குகிறோம்). அடுத்து 10 நிமிடப் படம் ஒன்று முடித்தாக வேண்டும். நான்கு ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டுகள் போட்ட ஒரே பெரிய சர்வருக்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது. "மொத்தம் 96 ஜிபி கார்டு மெமரி" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த 96 ஜிபி கணக்கை நம்பி வாங்காதீர்கள். ஒவ்வொரு கார்டும் முழுக் காட்சியையும் தன் மெமரியில் ஏற்றிக்கொள்ளும். 4090-இல் கார்டுகளின் மெமரியை இணைக்கும் என்விலிங்க் வசதியும் கிடையாது. எனவே உங்களுக்குக் கிடைப்பது 24 ஜிபிதான். முடி, புகை, 4கே டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) சேர்ந்து காட்சி அதைத் தாண்டினால் மிச்சம் சிஸ்டம் ரேமுக்கு வழிந்து வேகம் படுத்துவிடும், இல்லையென்றால் ரெண்டரே நின்றுவிடும்.

முதலில் படத்தின் மிகக் கனமான ஷாட்டை இப்போதுள்ள மெஷினில் ஓட்டி, ஃபிரேமுக்கு ஆகும் நேரத்தையும் மெமரியின் உச்ச அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் 10 நிமிடத்துக்கு 14,400 ஃபிரேம். ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் 4,800 மணி நேரம். ஒரே மெஷின் இரவு பகலாக ஓடினாலும் 200 நாள், எட்டு மெஷின் என்றால் 25 நாள். திருத்தம் வராத ஷாட் அபூர்வம் என்பதால் இதை இரட்டிப்பாக வைத்துத் திட்டமிடுங்கள்.

மெமரி உச்சம் 18 ஜிபிக்குள் இருந்தால் கார்டு வழி நல்ல வழி. நான்கு கார்டுகளையும் ஒரே ஃபிரேமுக்குப் பூட்டாமல், கார்டுக்கு ஒரு பிளெண்டர் என்று நான்கு ஃபிரேம்களைத் தனித்தனியே ஓட்டுங்கள். காட்சியைத் திறப்பதும் பிவிஎச் (ஒளிக்கதிர் எதில் படுகிறது என்று விரைவாகத் தேட உதவும் அமைப்பு) கட்டுவதும் நான்காகப் பிரியாத வேலைகள். அந்த நேரத்தில் நான்கு கார்டு இருந்தும் வேகம் கூடாது. ஆனால் இப்படி ஓட்டினால் காட்சி நான்கு முறை திறக்கும், சிஸ்டம் ரேமும் அதற்கேற்ப வேண்டும். 128 ஜிபிக்குக் குறையாதீர்கள்.

உச்சம் 40 ஜிபியைத் தொட்டால் கார்டு இல்லாமல் ப்ராசசரிலேயே ரெண்டர் செய்யும் நோடுகள் (ரெண்டருக்கென்றே ஓடும் தனி மெஷின்கள்) தான் நிம்மதி. அங்கே ரேம் குச்சிகளின் எண்ணிக்கையைக் கவனியுங்கள்: ஏஎம்டியின் எபிக் 9004 சர்வர் ப்ராசசர் வரிசைக்கு 12 மெமரி சேனல்கள் (ரேமுக்கும் ப்ராசசருக்கும் இடையிலான பாதைகள்). 32 ஜிபி குச்சி நான்கை மட்டும் செருகித் தந்தால் மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்குதான். 16 ஜிபி பன்னிரண்டு கேளுங்கள்.

எங்கள் பரிந்துரை, ஒரே பெரிய சர்வரைவிட இரண்டு மூன்று நோடுகள். ஒரு பவர் சப்ளை போனால் மற்றவை ஓடும். சைக்கிள்ஸுக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை. நோடுக்கு ஒரு லைசென்ஸ் கேட்கும் ரெண்டரராக இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். எல்லா நோடுகளிலும் ஒரே பிளெண்டர் பதிப்பு இருக்கட்டும். ஒரே ஷாட்டைப் பாதி ப்ராசசரிலும் பாதி கார்டிலும் ஓட்ட வேண்டாம்; ஃபிரேமுக்கு ஃபிரேம் சிறு வித்தியாசம் வந்து, ஓட்டிப் பார்க்கும்போது மினுக்கும்.

கேள்வி: 12 புது நோடுகள் வாங்கினோம். ஒவ்வொரு ஷாட்டும் தொடங்கும்போது பத்து நிமிடம் எதுவும் நகர்வதில்லை. ப்ராசசர் பழுதா?

பதில்: பெரும்பாலும் நெட்வொர்க்தான். 1 கிகாபிட் கேபிளில் நடைமுறையில் வருவது நொடிக்கு 110 எம்பி அளவு. ஷாட்டின் டெக்ஸ்சர் 6 ஜிபி என்றால் 12 நோடுகளும் சேர்ந்து 72 ஜிபி கேட்கின்றன. ஃபைல் சர்வரின் ஒற்றைக் கேபிளில் அது வர 11 நிமிடம். நோடுகளின் கேபிளை அப்படியே விடுங்கள். ஃபைல் சர்வரிலிருந்து சுவிட்சுக்குப் போகும் இணைப்பை மட்டும் 10 கிகாபிட் ஆக்குங்கள், காத்திருப்பு ஒரு நிமிடச் சொச்சத்துக்கு வந்துவிடும். சர்வரில் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதையும் எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும். பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடத்தில் படிக்கும்போது அது திணறும். அதன் பிறகும் போதாவிட்டால், நோடுக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டு டெக்ஸ்சர்களை முன்கூட்டியே நகலெடுத்து வையுங்கள்.

கேள்வி: நான்கு கார்டு நோடு இரண்டுக்கு 1 டன் ஏசி போதுமா?

பதில்: போதாது. 450 வாட் கார்டு நான்கு, ப்ராசசர், மற்றவை சேர்த்து நோடுக்குச் சுமார் 2.4 கிலோவாட், இரண்டுக்கு 4.8. 1 டன் ஏசி வெளியேற்றுவது 3.5 கிலோவாட்தான். 2 டன் போடுங்கள். யுபிஎஸ் வாங்கும்போது கேவிஏவைப் பார்க்காமல் வாட் அளவைக் கேளுங்கள்: 0.8 பவர் ஃபேக்டர் உள்ள 3 கேவிஏ யுபிஎஸ் தருவது 2.4 கிலோவாட், ஒரு நோடுக்கே அதில் இடைவெளி மிஞ்சாது.